விளையாட்டா, சோதனையா?



“பையன் இரவு பதினொரு மணிவரை கணினியில் விளையாடுகிறான், ஐயா. கேட்டால், ‘விளையாடவில்லை, மதர்போர்டைச் சோதிக்கிறேன்’ என்கிறான்.” பெற்றோர் சந்திப்பு நாள்களில் இந்த முறையீட்டை அவ்வப்போது கேட்க நேர்கிறது. சில தந்தையர் சினத்தோடு சொல்வர். சிலர் சிரித்துக்கொண்டே சொல்வர். இருசாராரும் எதிர்பார்ப்பது ஒன்றுதான். ஆசிரியர் பையனைக் கண்டித்து விளையாட்டை நிறுத்த வேண்டும்.

நான் அப்படிக் கண்டிப்பதில்லை. “சோதித்தாயே, குறிப்பேடு எங்கே?” என்று பையனிடம் கேட்கிறேன். குறிப்பேடு இருந்தால் அது சோதனை. இல்லையேல் அது விளையாட்டு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கோட்டைப் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டுவது நம் கடமை. சோதனைத் தொழிலை நம்பி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவரும் பினாங்கு மாநிலத்தில், அது பெருங்கடமை என்பது என் கருத்து.

தாய்ப்பலகை என்ன செய்கிறது?

மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை, கணினிப் பெட்டிக்குள் அகன்று கிடக்கும் பலகை. செயலி, நினைவகம், வரைகலை அட்டை யாவும் அதன்மேல்தான் அமர்கின்றன. அவற்றுக்கிடையே செய்தி போய்வரும் வழியும் அதுவே. மின்வழங்கி தருகின்ற 12 வோல்ட் மின்னழுத்தத்தைச் செயலி தாங்கக்கூடிய ஏறத்தாழ 1 வோல்ட் அளவுக்குக் குறைத்துக் கொடுப்பதும் அதன் பணி.

இந்தப் பணி எளிதன்று. செயலி 1.25 வோல்ட்டில் 200 வாட் ஆற்றலை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது ஓடும் மின்னோட்டம் 160 ஆம்பியர். நம் வீட்டு மும்முனைச் செருகிக்குள் இருக்கும் உருகியின் அளவே 13 ஆம்பியர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்! அவ்வளவு மின்னோட்டத்தைச் சீராக, சூடேறித் தளராமல் வழங்குகிறதா என்பதே தாய்ப்பலகையின் தரத்தை அறியும் முதற்கேள்வி.

கட்டுரை தட்டச்சு செய்வதால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. அவ்வேலையில் செயலி பெரும்பாலும் ஓய்ந்தே இருக்கும். அண்மைக்கால விளையாட்டு அப்படிப்பட்டதன்று. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லிநொடிக்குள் கணக்கிட்டு வரைந்து முடிக்க வேண்டும். ஒலி, அசைவு, அடுத்த காட்சிக்கான தரவு ஆகியவையும் உடன் ஓட வேண்டும். கணினியின் எல்லா உறுப்புகளும் ஒரே நேரத்தில், நீண்ட நேரம் உழைக்கின்றன. அதனால்தான் உலகெங்கும் கணினி ஆய்வாளர்கள் விளையாட்டையே உரைகல்லாகக் கொள்கின்றனர்.

பெற்றோர் பலர் அறியாத ஒன்றையும் இங்குச் சொல்ல வேண்டும். பல விளையாட்டுகளில் சோதனைக்கென்றே ஒரு தனிக் காட்சி உள்ளது. எடுத்துக்காட்டாக, 2021-இல் வெளிவந்த ‘போர்சா ஹொரைசன் 5’ என்னும் மகிழுந்து விளையாட்டில் அக்காட்சியைத் தொடக்கிவிட்டால், மகிழுந்து தானே ஓடும். முடிவில் எண்கள் திரையில் தோன்றும். பிள்ளை விசைப்பலகையைத் தொடவே கூடாது. தொட்டால், ஒரு முறை ஓடியதும் மறுமுறை ஓடியதும் ஒன்றாக இரா. ஆக, ஒழுங்காகச் சோதிக்கும் பிள்ளை விளையாடுவதில்லை. கையைக் கட்டிக்கொண்டு உற்றறிகிறான்.

2024-இல் நடந்தது

விளையாட்டால் சோதிப்பது வீண்வேலை என்று எண்ணுவோர், 2024-இல் கணினி உலகை உலுக்கிய ஒரு நிகழ்வை அறிந்துகொள்வது நல்லது.

இண்டெல் நிறுவனம் 2022 அக்டோபரில் 13-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளையும், 2023 அக்டோபரில் 14-ஆம் தலைமுறைச் செயலிகளையும் வெளியிட்டது. அவற்றுள் உயர்வகைச் செயலிகளை வாங்கியவர்களின் கணினிகளில் சில விளையாட்டுகள் தொடங்கும்போதே நின்றுபோயின. ‘வரைகலை நினைவகம் போதவில்லை’ என்று திரையில் அறிவிப்பு வந்தது. வரைகலை அட்டையிலோ நினைவகம் தாராளமாக இருந்தது! விளையாட்டு தொடங்கும்போது செயலி பெருமளவு தரவை விரித்துத் தயார்ப்படுத்த வேண்டும். அந்தக் கடும்பணியில்தான் பிழை நேர்ந்தது. பழியோ வரைகலை அட்டையின்மேல் விழுந்தது.

ஐயம் அடுத்துத் தாய்ப்பலகையின் பக்கம் திரும்பியது. அதற்குக் காரணமும் இருந்தது. ‘கோர் ஐ9 14900கே’ என்னும் செயலிக்கு இண்டெல் குறித்த உச்ச ஆற்றல் 253 வாட். ஆனால், தாய்ப்பலகைகள் பலவற்றில் அந்த வரம்பு 4096 வாட் என்று அமைக்கப்பட்டிருந்தது. வரம்பே இல்லை என்பதுதான் அதன் பொருள். போட்டி ஆய்வுகளில் தங்கள் பலகை ஓரிரு விழுக்காடு கூடுதலாகக் காட்ட வேண்டும் என்னும் ஆவல் இதற்கு ஒரு காரணம். 2024 ஏப்ரலில் தாய்ப்பலகை நிறுவனங்கள் அமைப்புகளைக் கட்டுக்குள் கொண்டுவரும் புதிய பயாஸ் நிரல்களை வெளியிட்டன.

பழுது அத்துடன் நிற்கவில்லை. இங்குதான் நம் அறிவியல் பாடம் வருகிறது. விளையாட்டுச் சேவைக் கணினிகளில், வேகத்தைக் கூட்டாத நிதானமான வகைத் தாய்ப்பலகைகளில் பொருத்தப்பட்டிருந்தும் அதே செயலிகள் பழுதடைவதை 2024 சூலையில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். பலகை மாறியது, பழுது மாறவில்லை. அப்படியானால் காரணம் பலகை மட்டுமன்று என்பது தெளிவாயிற்று.

அதே சூலையில் இண்டெல் விளக்கம் அளித்தது. செயலிக்குள் இருக்கும் நுண்நிரல் தவறான மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றதே முதன்மைக் காரணம் என்றது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வெளிவந்தன. உத்தரவாதக் காலம் ஈராண்டு நீட்டிக்கப்பட்டது. மட்டுமீறிய ஆற்றலை விட்டுக்கொடுத்த தாய்ப்பலகை அமைப்புகளையும் காரணங்களுள் ஒன்றாக அந்நிறுவனம் பட்டியலிட்டது. ஏற்கெனவே தளர்ந்துபோன செயலியைத் திருத்தத்தால் மீட்க இயலாது என்பது கசப்பான உண்மை.

இந்தப் பழுதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு யாருக்கு? வீட்டில் விளையாடியவர்களுக்கும், விளையாட்டுகளை உருவாக்கியவர்களுக்கும்தான். எந்தச் செயலி, எந்தப் பலகை, எந்த அமைப்பு, எந்த நேரத்தில் நின்றது என்று பதிவு செய்தவர்களின் குறிப்புகளே உலகளாவிய நிறுவனத்தை விடை சொல்ல வைத்தன. ‘கணினி கெட்டுவிட்டது’ என்று புலம்பியதோடு நிறுத்திக்கொண்டவர்களால் அது நடக்கவில்லை.

நம் மாநிலத்தின் தொழில்

இஃது எங்கோ நடந்த கதையென்று நாம் விலகிக்கொள்ள முடியாது. டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்தபோது, 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிக வட்டாரம் உருவானது. அதே ஆண்டில் இண்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அங்குத் தொடங்கியது. ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கர்ட், போஷ், ஹிட்டாச்சி முதலியவற்றோடு சேர்த்து ‘எட்டுச் சாமுராய்கள்’ என்று இன்றும் நினைவுகூரப்படும் முன்னோடி நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. 2021 டிசம்பரில் பினாங்கில் 3,000 கோடி ரிங்கிட் முதலீடு செய்யப்போவதாகவும் அந்நிறுவனம் அறிவித்தது. உலகில் சில்லுகளைப் பொருத்தி, சோதித்து, உறையிடும் பணியில் மலேசியாவின் பங்கு ஏறத்தாழ 13 விழுக்காடு என்பது பரவலாக எடுத்துக்காட்டப்படும் கணக்கு.

நம் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரங்களிலிருந்து பாலம் கடந்து பாயான் லெப்பாசுக்குப் பணிமுறை வேலைக்குச் செல்லும் தாய்தந்தையர் எத்தனையோ பேர். அங்குச் சில்லுகளை வெப்பத்திலும் உயர் மின்னழுத்தத்திலும் ஓடவிட்டு, வலுவற்றவற்றை முன்கூட்டியே கழித்துவிடும் சோதனைகள் உண்டு. பழைய கணினியைப் பிரித்துச் செயலியின் முதுகைப் பார்த்தால், ‘மலாய்’ என்று நம் நாட்டின் பெயர் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டிருப்பதைப் பலவற்றில் காணலாம். எனவே, அறைக்குள் அமர்ந்து தாய்ப்பலகையைச் சோதிக்கும் பிள்ளை அந்நியமான எதையும் செய்யவில்லை. நம் மாநிலம் உலகுக்குச் செய்துகொடுக்கும் வேலையின் சிறு வடிவத்தைத்தான் செய்கிறான்.

அந்தப் பிள்ளையை அதட்டி எழுப்பிவிட்டு, ‘நீ பொறியாளராக வேண்டும்’ என்று மறுநாள் அறிவுரை கூறுவதில் பொருள் இருக்கிறதா?

அறிவியல் பாடம் ஏற்கெனவே கற்பித்துவிட்டது

இதற்கெனப் புதிய பாடநூல் வேண்டியதில்லை. அறிவியல் செயற்பாங்குத் திறன் என்று நாம் கற்பிப்பதே போதும். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகியவற்றை ஊசல்குண்டையும் பச்சைப் பயற்றையும் வைத்து மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். பலருக்கு அது தேர்வோடு மறந்துபோகிறது. அதே மூன்று மாறிகளைக் கணினியில் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

வீட்டில் செய்யத்தக்க ஓர் ஆய்வை இங்குத் தருகிறேன்.

1. கருதுகோள்: ஒரே அளவு நினைவகத்தை ஒரே அட்டையாகப் பொருத்துவதைவிட, இரண்டு அட்டைகளாகப் பிரித்துப் பொருத்தினால் விளையாட்டு சீராக ஓடும்.

2. தற்சார்பு மாறி: நினைவக அட்டைகளின் எண்ணிக்கை. இதைத் தவிர வேறெதையும் மாற்றக்கூடாது.

3. கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்: நினைவகத்தின் மொத்த அளவும் வேகமும், விளையாட்டின் அமைப்புகள், திரைத் தெளிவு, அறையின் வெப்பநிலை, பின்னணியில் ஓடும் செயலிகள்.

4. சார்பு மாறி: நொடிக்கு எத்தனை படங்கள் என்னும் எண். சராசரியை மட்டும் எழுதினால் போதாது. மிகத் தாழ்ந்த எண்ணையும் எழுத வேண்டும்.

5. ஒவ்வொன்றையும் மும்முறை ஓட்டிப் பார்த்துச் சராசரி காண வேண்டும். மூன்று முறையும் எண்கள் பெரிதும் வேறுபட்டால், எதையோ கட்டுப்படுத்தத் தவறிவிட்டோம் என்று பொருள்.

நான்காவது குறிப்பைச் சற்று விளக்க வேண்டும். ஒரு கணினி ஒவ்வொரு நொடியும் 60 படங்கள் காட்டுகிறது. இன்னொன்று ஒரு நொடி 90, மறுநொடி 30 என்று காட்டுகிறது. இரண்டுக்கும் சராசரி 60தான். முதலாவது வழுக்கிக்கொண்டு ஓடும். இரண்டாவது திக்கித் திக்கி ஓடும். சராசரி என்னும் கணிதப் பாடத்தின் வலிமையையும் குறையையும் ஒருங்கே உணர்த்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் ஒரு மாணவன் மற்ற எல்லாரையும்விடப் பின்தங்கியிருப்பதை வகுப்புச் சராசரி மறைத்துவிடுவதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம் அல்லவா?

வெப்பநிலையைக் குறிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பிள்ளைகள் பார்க்கும் காணொளி ஆய்வுகளில் பல, குளிர்நாடுகளிலோ குளிரூட்டிய அறைகளிலோ செய்யப்பட்டவை. பட்டர்வொர்த்தில் நண்பகலில் வெளிவெப்பம் 32 டிகிரியைத் தொடுவது இயல்பு. கூரைத் தகட்டின்கீழ் உள்ள அறை இன்னும் சூடாகும். செயலி 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தாய்ப்பலகையின் மின்வழங்கு பகுதியும் அப்படியே. அங்குக் குறையின்றி ஓடிய பலகை இங்கு நண்பகலில் தளரக்கூடும். நம் ஊர் வெயிலில் நம் பிள்ளை எடுத்த எண்ணுக்கு அதனாலேயே தனி மதிப்பு உண்டு. காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை சோதித்து ஒப்பிட்டாலே நல்லதோர் ஆய்வு கிடைத்துவிடும்.

பாதுகாப்புக் குறிப்பும் தேவை. பெட்டியைத் திறக்குமுன் மின்செருகியைப் பிடுங்க வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். பயாஸ் அமைப்பில் மின்னழுத்தத்தைக் கூட்டும் பக்கத்திற்குச் சிறுவர்கள் போகவே கூடாது.

பணத்தையும் காக்கும்

இந்தச் சோதனையால் பெற்றோருக்கு நேரடியான ஆதாயமும் உண்டு. ‘கேமிங்’ என்று அச்சிட்ட பெட்டி, மின்னும் வண்ண விளக்குகள், அகன்ற உலோகக் கவசங்கள் ஆகியவற்றைக் கண்டு பிள்ளை விலையுயர்ந்த தாய்ப்பலகையைக் கேட்கிறான். ஆனால், செயலி, வரைகலை அட்டை, நினைவகம் மூன்றும் ஒன்றாகவே இருந்தால், தரமான இரு தாய்ப்பலகைகளுக்கிடையே படஎண்ணிக்கை பெரும்பாலும் மிகச் சிறிய அளவிலேயே வேறுபடும். படத்தை வரைவது வரைகலை அட்டை; கணக்கிடுவது செயலி; பலகை அவற்றுக்கு இடமும் மின்சாரமும் வழியும் தருகிறது. அதைக் குறையின்றித் தந்துவிட்டால், அதற்குமேல் கொடுக்கும் பணம் விளையாட்டின் வேகத்தில் தெரியாது. இணைப்புத் துளைகள் கூடுதலாக வேண்டுமா, உயர்வகைச் செயலியை நாளெல்லாம் ஓட்ட வேண்டுமா என்பவை வேறு கேள்விகள்.

மாறாக, செலவே இல்லாத திருத்தங்கள் சில உண்டு. 3200 வேகத்துக்கு விற்கப்பட்ட டி.டி.ஆர்.4 நினைவகம், பயாஸ் அமைப்பில் எக்ஸ்.எம்.பி. என்பதை இயக்காவிட்டால் 2133 அல்லது 2400 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். வாங்கிய நாள்முதல் அப்படியே ஓடும் கணினிகள் பல. சோதித்துப் பார்க்கும் பிள்ளையே இதைக் கண்டுபிடிக்கும். ‘புதியது வாங்கித் தாருங்கள்’ என்று கேட்கும் பிள்ளையிடம், ‘இப்போதுள்ள பலகைதான் தடை என்பதை எண்களால் மெய்ப்பித்துக் காட்டு’ என்று பெற்றோர் சொல்லலாம். பாதி நேரம் அந்த மெய்ப்பிப்பு நடக்காது, பணம் மிஞ்சும். மெய்ப்பித்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு வாங்கித் தருவதில் தவறில்லை.

மறுப்புகளும் விடைகளும்

விளையாட்டு அடிமைத்தனத்தை நான் மறைத்துப் பேசுகிறேன் என்று சிலர் கருதலாம். இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் விளையாட்டுக் கோளாற்றை நோய்ப்பட்டியலில் சேர்த்து, அப்பட்டியல் 2022 சனவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. உணவையும் உறக்கத்தையும் பாடத்தையும் மறந்து விளையாடும் பிள்ளைக்கு உதவி தேவை. ஆனால், சோதனைக்கு முடிவு உண்டு. சில மணித்துளிகளில் காட்சி முடியும், எண் எழுதப்படும், கணினி அணையும். குறிப்பேட்டைக் கேட்கும் பெற்றோரால், பிள்ளை சோதிக்கிறானா, சோதனையின் பெயரால் விளையாடுகிறானா என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுகொள்ள முடியும்.

அகவைக்கேற்ற விளையாட்டைத் தேர்வதும் நம் பொறுப்பே. பெயர்பெற்ற சோதனை விளையாட்டுகளுள் சில 18 அகவைக்கு மேற்பட்டோருக்கு உரியவை. மகிழுந்து ஓட்டப் பந்தயமே எண்களை எடுக்கப் போதும்.

இன்னொன்று. இதுவரை ‘பையன்’ என்றே பேச்சு வந்தது. பெண்பிள்ளைகளுக்குத் திருப்புளியை யார் கொடுப்பது? 1970-களில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் பணிவரிசைகளில் அமர்ந்து இத்தொழிலை நிலைநாட்டியவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள்தாம். அவர்களின் பேத்திகள் தாய்ப்பலகையைக் கண்டு ஒதுங்க வேண்டிய தேவை இல்லை.

நம்மால் ஆவது

ஆறாம் ஆண்டுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்ட பிறகு, வகுப்பறை மதிப்பீட்டில் செயல்திட்டங்களுக்கு இடம் விரிந்துள்ளது. அறிவியல் பாடத்திலும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்திலும் இத்தகைய ஆய்வொன்றை நாம் ஏற்றுக்கொள்ளலாம். வீட்டில் விளையாட்டுக் கணினி இல்லாத பிள்ளைகளே மிகுதி. அவர்கள் பள்ளிக் கணினியறையில் உள்ள பழைய கணினியில் இலவசச் சோதனை நிரலைக் கொண்டு அதையே செய்யலாம். கருவியின் விலை முக்கியமன்று; மாறிகளைக் கட்டுப்படுத்தும் ஒழுக்கமே முக்கியம். அறிக்கை தமிழில் எழுதப்படட்டும். கருதுகோளும் ஊகமும் முடிவும் தமிழில் தெளிந்துவிட்ட பிள்ளைக்கு, இடைநிலைப்பள்ளியில் மொழி மாறினாலும் சிந்தனை மாறாது.

வழியும் தொலைவில் இல்லை. பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பொலிடெக்னிக் இருக்கிறது. நிபோங் தெபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. பாயான் லெப்பாசில் 1989 முதல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் இருக்கிறது. நம் வீடுகளிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடங்கள் இவை. தந்தை இயந்திரத்தை இயக்குநராகப் பணிபுரியும் ஆலையில், மகளோ மகனோ சோதனைப் பொறியாளராக நுழைவதற்கான முதல் படி, நான்கு கட்டங்கள் வரைந்த ஒரு குறிப்பேட்டுப் பக்கமாகவும் இருக்கலாம்.

ஆலையில் பணிபுரியும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘ஃபேக்டரி வேலை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். எதைச் சோதிக்கிறீர்கள், எத்தனை டிகிரி வெப்பத்தில், எதைக் கண்டால் கழித்துவிடுகிறீர்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சொல்லக்கூடாத ஆலை இரகசியங்கள் இருக்கும். அவற்றை விட்டுவிட்டுச் சொல்லக்கூடியதைச் சொல்லுங்கள். தாய்ப்பலகையைப் பற்றி உங்கள் பிள்ளை கேட்கும் அடுத்த கேள்விக்கு, ஆசிரியரைவிட நன்றாக விடை சொல்லக்கூடியவர் நீங்களாகவே இருக்கலாம்.